ரத்தம் நின்ற பிறகு

வாட்டர் போலோ என்ற விளையாட்டை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. நானும் டி.வி.யில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒலிம்பிக் சமயத்தில் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போகும்போது தற்செயலாக. காதுக்குக் கவசம் வைத்த குல்லாய் போட்டுக்கொண்டு, பக்கத்துக்கு ஏழு பேராகப் பதினாலு பேர் நீச்சல்குளத்தில் ஒரு பந்துக்கு அடித்துக்கொள்வார்கள். தரையில் கால் ஊன்றக் கூடாது. கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தை இரண்டு கையால் தொடக் கூடாது. ஆட்டம் முடிகிறவரை தண்ணீருக்கடியில் கால்கள் முட்டை அடிக்கிற கரண்டி மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் முழுகிவிடுவீர்கள். மேலே பார்த்தால் பந்து விளையாட்டு. கீழே உதை, கிள்ளல், எதிராளியின் ஜட்டியைப் பிடித்து இழுத்தல் எல்லாம் நடக்கும். ரெஃப்ரி கரையில் நடந்துகொண்டிருப்பார். அவருக்குத் தெரிவது மேலே நடப்பது மட்டும்தான்.

அரசியலுக்கு இதைவிட நல்ல டிரெயினிங் இருக்க முடியுமா என்று உங்களுக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. நடிகர்கள் அரசியலுக்கு வருவது நமக்குப் பழகிப்போன சமாசாரம். வாட்டர் போலோ சாம்பியன் யாராவது வந்திருக்கிறாரா என்று தேடினேன். கிடைத்தவர் பெயர் டெஷோ ஜியார்மதி, ஹங்கேரிக்காரர். (அவர்கள் ஊரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், நம் இனிஷியல் மாதிரி. ஜியார்மதி டெஷோ என்றுதான் சொல்வார்கள். என் உச்சரிப்பு தப்பு என்று ஹங்கேரிய மொழி தெரிந்த வாசகர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.)

அவரைத் தேடப்போய் மூன்று படங்கள் பார்த்தேன். இரண்டு, அவருடைய டீமைப் பற்றியவை. மூன்றாவது படத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. ஆனால் மூன்றாவதில்தான் அவர் எனக்கு அகப்பட்டார். முதல் இரண்டு படங்கள் மேல் எனக்கு இருக்கும் புகாரே இதுதான்.

முதலில் அந்தப் பிரபலமான மேட்ச். 1956 டிசம்பர் 6, மெல்போர்ன் ஒலிம்பிக். ஹங்கேரியும் சோவியத் யூனியனும் மோதுகின்றன. ஆறு வாரத்துக்கு முன்னால், அக்டோபர் 23-ம் தேதி, புடாபெஸ்ட் தெருக்களில் மாணவர்கள் ஆரம்பித்த ஊர்வலம் புரட்சியாக வெடித்தது. ஸ்டாலின் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். நவம்பர் 4-ம் தேதி சோவியத் டாங்கிகள் திரும்பி வந்து நசுக்கின. இறந்த ஹங்கேரியர்கள் சுமார் 2,500 பேர். எல்லை தாண்டி ஓடியவர்கள் சுமார் இரண்டு லட்சம். புரட்சி வெடித்தபோது வாட்டர் போலோ டீம் ஊருக்கு வெளியே மலை மேல் பயிற்சி முகாமில் இருந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டது. புகை தெரிந்தது. முழு விவரம் தெரியாமலேயே அவர்களைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு நகர்த்தி, அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். போய் இறங்கிய பிறகுதான், டீமில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒருவர் பேப்பரைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னார்.

இந்த மனநிலையில் குளத்தில் இறங்கினால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்தில் கட்டாயமாகப் படித்த ரஷ்ய மொழி அன்றைக்கு வசவுக்குப் பயன்பட்டது. ஹங்கேரி 4-0 என்று முன்னிலையில் இருக்கிறது. ஆட்டம் முடிய ஓரிரு நிமிஷம். எர்வின் ஸாடோர் என்ற 22 வயது இளைஞர் விசில் சத்தம் கேட்டு ஒரு கணம் திரும்பிப் பார்க்க, வாலன்டின் புரோகோபோவ் என்ற ரஷ்ய வீரர் ஓங்கி விட்ட அடியில் கண்ணுக்குக் கீழே கிழிந்துவிட்டது. ஸாடோர் முகத்தில் ரத்தம் வழியக் கரையேறும் போட்டோ உலகம் முழுக்கப் போனது. பார்வையாளர்கள் வேலியைத் தாண்டிக் குளத்தோரம் ஓடிவர, போலீஸ் வந்து ஆட்டத்தை நிறுத்தியது. அதற்கு அப்புறம் ஹங்கேரி, ஸாடோர் இல்லாமல், யூகோஸ்லாவியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது.

சினிமாவுக்கென்றே எழுதின மாதிரி இருக்கிறதல்லவா? ஐம்பது வருஷம் கழித்து, 2006-ல், இதை வைத்து இரண்டு படங்கள் வந்தன.

ஒன்று, கிரிஸ்டினா கோடா இயக்கிய ஹங்கேரியப் படம். 'சுதந்திரம், காதல்' என்று தலைப்பு. வெளிநாடுகளில் 'சில்ட்ரன் ஆஃப் குளோரி'. திரைக்கதையில் முதல் பெயர் ஜோ எஸ்டர்ஹாஸ். ஷரோன் ஸ்டோன் கால் மாற்றிப் போட்ட 'பேஸிக் இன்ஸ்டிங்க்ட்' எழுதிய அதே எஸ்டர்ஹாஸ்தான். பிறப்பால் ஹங்கேரியர். தயாரிப்பாளர் ஆண்டி வாய்னாவும் 1956-ல் சின்னப் பையனாக நாட்டை விட்டு வெளியேறி, ஹாலிவுட்டில் 'ராம்போ' எடுத்துப் பணக்காரரானவர். இரண்டு பேரும் சேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படியேதான் இருக்கிறது படம். கார்ச்சி என்ற கற்பனை வீரன், அழகன், பெண் பித்தன். அவனுக்கு விளையாட்டைத் தவிர எதுவும் முக்கியமில்லை. விக்கி என்ற மாணவி மேடையில் பேசுவதைப் பார்க்கிறான். காதல். காதலுக்காகப் புரட்சி. பிறகு புரட்சிக்காகவே புரட்சி. ரகசியப் போலீஸில் ஒரு வயதான ஆசாமி, எல்லாரும் 'ஃபெரி மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தேன் ஒழுகப் பேசிக்கொண்டே மிரட்டுவார். படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அவர்தான். கடைசியில் ஒரு பக்கம் மெல்போர்னில் தங்கம், மறு பக்கம் புடாபெஸ்ட் சிறையில் விக்கி. மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். கண் கலங்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. தண்ணீருக்குள் கேமராவை இறக்கி எடுத்த ஆட்டக் காட்சிகள் முதல் தரம். ஆனால் படம் முடிந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒரு கேள்வி வருகிறது. மெடல் வாங்கின கார்ச்சி மறுநாள் காலையில் என்ன செய்தான்? படத்துக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

இரண்டாவது, 'ஃப்ரீடம்ஸ் ஃப்யூரி' என்ற டாக்குமென்டரி. பின்னணிக் குரல் கொடுத்தவர் மார்க் ஸ்பிட்ஸ், 1972-ல் ஒரே ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வாங்கிய அமெரிக்க நீச்சல் வீரர். இவர் எங்கே வந்தார் என்கிறீர்களா? ஸாடோர் மெல்போர்னிலிருந்து ஊர் திரும்பவில்லை. கலிஃபோர்னியாவில் நீச்சல் கோச் ஆனார். அவரிடம் பழகிய பையன்களில் ஒருவன் ஸ்பிட்ஸ். இந்த மாதிரித் தகவல்களுக்காகவே டாக்குமென்டரி பார்க்கலாம். இதில் இரண்டு டீமிலும் மிஞ்சியிருந்த கிழவர்களைப் புடாபெஸ்டில் ஒன்றாக உட்காரவைக்கிறார்கள். முதல் படத்தைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் இதன் கண்ணும் அந்த ரத்தத்தின் மேலேயே நிற்கிறது. அங்கே அடிபட்டவர்தான் ஹீரோ.

கேப்டன் என்ன ஆனார்?

அந்த டீமின் கேப்டன்தான் ஜியார்மதி. புரட்சி வெடித்த அதே அக்டோபர் 23-ம் தேதி அவருக்கு 29-வது பிறந்தநாள். மிஷ்கோல்ட்ஸ் என்ற ஊரில் 1927-ல் பிறந்தவர். இரண்டு கையாலும் ஒரே மாதிரி எறிவார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுவார். 100 மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள் நீந்துகிற வேகம் அந்தக் காலத்து வாட்டர் போலோக்காரர்களில் அபூர்வம். 1948 லண்டனில் வெள்ளி, 1952 ஹெல்சிங்கியில் தங்கம், 1956-ல் தங்கம், 1960 ரோமில் வெண்கலம், 1964 டோக்கியோவில் 36 வயதில் மறுபடி தங்கம். வரிசையாக ஐந்து ஒலிம்பிக், ஐந்து பதக்கம். மகான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ரத்த மேட்சில் அவர் ஒரு குத்து விட்டது பிலிமில் பதிவாகியிருக்கிறது. இருக்கட்டும்.

இந்தப் பட்டியலில் 1956-க்கும் 1960-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கவனித்தீர்களா? கதை அங்கேதான் இருக்கிறது.

ஜியார்மதியின் மனைவி ஏவா ஸேகேய். அவரைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதலாம், எழுதவும் வேண்டும். யூதப் பெண். 1941-ல், நீ யூதச்சி என்று சொல்லி நீச்சல் கிளப்பிலிருந்து துரத்தினார்கள். 1944 கடைசியில் புடாபெஸ்டில் யூதர்களை ஆற்றங்கரையில் வரிசையாக நிறுத்திச் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பாதுகாப்பு வீட்டில் கும்பலாக அடைந்து கிடந்தார். உடம்பு விட்டுப்போய்விடக் கூடாது என்று தினமும் ஐந்து மாடிப் படிகளை நூறு தடவை ஏறி இறங்கினாராம். 1952-ல் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தங்கம் வாங்கினார். 1956-ல் அவரும் மெல்போர்னில்தான் இருந்தார். இரண்டு வயது மகள் ஆந்த்ரேயா மட்டும் புடாபெஸ்டில் தாத்தா பாட்டியிடம். ஊரில் டாங்கிகள். குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, ஐந்து கிலோவுக்கு மேல் எடை குறைந்துவிட்டது. அந்த உடம்போடு நீந்தி வெள்ளி வாங்கினார்.

ஹங்கேரியக் குழுவில் பல பேர் அங்கிருந்தே மேற்கு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் முதலில் குழந்தைக்காக ஊருக்குத் திரும்பினார்கள். குழந்தையை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியேறி, அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தார்கள். இங்கே நிறுத்தினால் ஹாலிவுட் படம். ஆனால் நிற்கவில்லை. ஏவாவின் பெற்றோருக்கு வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இவர்கள் மூன்று பேரும் திரும்பி வந்தார்கள்.

எந்த நாட்டுக்கு? யானோஷ் காடார் ஆட்சிக்கு. புரட்சியின் பிரதமர் இம்ரே நாகியை 1958 ஜூன் 16-ம் தேதி தூக்கில் போட்டு, அடையாளம் இல்லாத குழியில் முகம் குப்புறப் புதைத்த ஆட்சிக்கு.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன சொல்வோம்? 'சமரசம்' என்று ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. எனக்கும் வந்தது. பிறகு, பெண்டாட்டியின் அப்பா அம்மாவுக்காக ஒருத்தர் அமெரிக்காவை விட்டுவிட்டு வருவதற்குப் பெயர் சமரசமா என்று யோசித்தேன். தெரியவில்லை. வந்தவர் சும்மா மூலையில் உட்காரவும் இல்லையே. அந்த அரசாங்கத்தின் கொடி குத்திய குல்லாயைப் போட்டுக்கொண்டு ரோமுக்கும் டோக்கியோவுக்கும் போனார். 1964-ல் ஏவாவும் அவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள். யாருக்காகத் திரும்பி வந்தாரோ அந்தக் குடும்பமே கலைந்துவிட்டது. அவர் அதற்கப்புறமும் நாட்டை விட்டுப் போகவில்லை.

பிறகு கோச் ஆனார். 1972 மியூனிக்கில் ஹங்கேரிக்கு வெள்ளி. தங்கம் யாருக்கு? சோவியத் யூனியனுக்கு. (அதே மியூனிக்கில் நீச்சலில் மகள் ஆந்த்ரேயா ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். அந்த வீட்டில் பதக்கம் மாட்டச் சுவரில் இடம் இருந்திருக்காது.) 1976 மான்ட்ரியலில் தங்கம். 1980 ஒலிம்பிக் எங்கே நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? மாஸ்கோவில். ஆப்கானிஸ்தானுக்குள் டாங்கிகள் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா உட்படப் பல நாடுகள் வர மறுத்த ஒலிம்பிக். 1956-ல் புடாபெஸ்டுக்குள் டாங்கிகள் புகுந்தபோது சோவியத் வீரர்களோடு குத்துச்சண்டை போட்ட கேப்டன், 24 வருஷம் கழித்து, ஹங்கேரி டீமைக் கூட்டிக்கொண்டு மாஸ்கோ குளத்தோரம் நிற்கிறார். சோவியத் யூனியனுக்குத் தங்கம். இவருக்கு வெண்கலம்.

மாஸ்கோ ஸ்டேடியத்தில் அவர்களுடைய தேசிய கீதம் ஒலிக்கும்போது மூன்றாவது படிக்கட்டில் நிற்கிற தன் பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்த 52 வயது மனிதரின் முகம் எப்படி இருந்திருக்கும்? ரத்தம் வழியும் கண்ணைவிட அதுதான் எனக்கு வேண்டிய குளோஸ்-அப். இரண்டு படங்களும் அதைத் தரவில்லை. அடி வாங்குவதை எடுப்பது சுலபம். ஒரு மனிதன் வருஷக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பதை எடுக்க வேறு மாதிரி டைரக்டர் வேண்டும்.

இப்போது அரசியலுக்கு வருவோம். 1989 ஜூன் 16, தூக்கில் போட்ட அதே தேதியில், இம்ரே நாகியைத் தோண்டியெடுத்து அரச மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். அக்டோபர் 23-ம் தேதி ஹங்கேரி, மக்கள் குடியரசு என்ற பெயரிலிருந்து 'மக்கள்' என்பதைக் கழற்றிவிட்டு வெறும் குடியரசானது. ஜியார்மதிக்கு 62-வது பிறந்தநாள். 1990 வசந்தத்தில் சுதந்திரமான தேர்தல். ஹங்கேரிய ஜனநாயக மன்றம் என்ற வலதுசாரிக் கட்சி 386 இடங்களில் 164 பிடித்து, யோஷெஃப் அன்டால் பிரதமரானார். அந்தக் கட்சியின் எம்.பி.க்களில் ஒருவராக ஜியார்மதி உள்ளே போனார்.

மந்திரியெல்லாம் ஆகவில்லை. நாலு வருஷம் சாதாரண எம்.பி. ஆனால் எந்த நாலு வருஷம் என்று பாருங்கள். 1990 அக்டோபரில் பெட்ரோல் விலையை ஒரே ராத்திரியில் 65 சதவீதம் ஏற்றினார்கள். டாக்ஸி டிரைவர்கள் புடாபெஸ்டின் பாலங்களை மூன்று நாள் மறித்துவிட்டார்கள். சுதந்திரத்துக்காகத் தெருவில் இறங்கிய ஊர், சுதந்திரம் கிடைத்த ஆறாவது மாசம் பெட்ரோலுக்காக இறங்கியது. 1991 ஜூன் 19-ம் தேதி கடைசி சோவியத் சிப்பாய் எல்லை தாண்டிப் போனார். கொண்டாடினார்கள். அதே சமயம் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்தன. வேலையில்லாதவர் என்ற சொல்லே அநேகமாகப் புழக்கத்தில் இல்லாத நாட்டில், 1993-க்குள் அது 12 சதவீதத்தைத் தாண்டியது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1991 நவம்பர் 4, டாங்கிகள் வந்த அதே தேதியைப் பார்த்து, அந்தச் சபை ஒரு சட்டம் போட்டது. கொலை, தேசத்துரோகம் மாதிரிக் குற்றங்களை அரசியல் காரணத்தால் இத்தனை நாள் விசாரிக்காமல் விட்டிருந்தால், காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, இப்போதும் வழக்குப் போடலாம் என்றது சட்டம். சுருக்கமாகச் சொன்னால், 1956-ல் கூட்டத்தின் மேல் சுட்டவனை 1991-ல் பிடிக்கலாம். ஜனாதிபதி ஆர்பாத் கென்ட்ஸ் கையெழுத்துப் போட மறுத்து அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அவர் யார் தெரியுமா? புரட்சிக்காக ஆயுள் தண்டனை வாங்கி, ஆறு வருஷம் உள்ளே இருந்தவர். 1992 மார்ச்சில் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்ற முடியாது என்பதுதான் சாராம்சம். சட்டத்தின் ஆட்சி வேண்டும் என்றுதானே இவ்வளவு ரத்தம் சிந்தினீர்கள், அந்தச் சட்டம் உங்கள் எதிரிக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டது.

இதைவிட நல்ல திரைக்கதை எங்கே கிடைக்கும்? ஸாடோரின் கண்ணைக் கிழித்த ஃபவுலுக்கு அங்கேயே ஆட்டம் நின்றது. 1956-ல் தெருவில் நடந்த ஃபவுலுக்கு 35 வருஷம் விசில் ஊதவில்லை. இப்போது ஊதலாமா கூடாதா? உள்ளே போய் வந்த கைதி 'கூடாது' என்கிறார். அந்தச் சபையின் பெஞ்சில் மெல்போர்ன் கேப்டன் உட்கார்ந்திருக்கிறார். அவர் சுட்டவன் இல்லை, சுடப்பட்டவனும் இல்லை. சுட்டவர்களுடைய ஆட்சிக்கு மெடல் வாங்கிக் கொடுத்தவர். அவருக்கு அந்த விவாதம் நெஞ்சில் எந்த இடத்தில் குத்தியிருக்கும்? எஸ்டர்ஹாஸ் ஐயா, பேனா எங்கே?

1994 தேர்தலில் ஜனநாயக மன்றம் மண்ணைக் கவ்வியது. 164 இடம் நாற்பதுக்கும் கீழே இறங்கியது. ஜெயித்தது யார் என்றால், பழைய கம்யூனிஸ்ட் கட்சியின் வாரிசான சோஷலிஸ்ட் கட்சி. 209 இடங்கள், தனிப் பெரும்பான்மை. பிரதமரானவர் ஜூலா ஹார்ன். 1989-ல் வெளியுறவு மந்திரியாக இருந்து ஆஸ்திரிய எல்லை முள்வேலியை வெட்டிக் காட்டி உலகப் புகழ் பெற்ற அதே ஹார்ன், 1956 டிசம்பரில், அதாவது ஜியார்மதி மெல்போர்னில் நீந்திக்கொண்டிருந்த மாசத்தில், புரட்சிக்காரர்களை அடக்கிய ஆயுதப்படையில் சேர்ந்தவர். அது தெரிந்தேதான் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். பெட்ரோல் விலையும் வேலையும்தான் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது. தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஜியார்மதியின் பாராளுமன்ற வாழ்க்கை அதோடு சரி.

இப்போது மூன்றாவது படம். நன்னி மொரெட்டி என்ற இத்தாலியர் எழுதி, இயக்கி, நடித்த 'பலோம்பெல்லா ரொஸ்ஸா'. 1989 செப்டம்பரில் வந்தது. பலோம்பெல்லா என்றால் கோல்கீப்பரின் தலைக்கு மேல் வளைத்துத் தூக்கிப் போடுகிற ஷாட், ரொஸ்ஸா என்றால் சிவப்பு. மொரெட்டி இளமையில் நிஜமாகவே முதல் டிவிஷனில் வாட்டர் போலோ ஆடியவர். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மிக்கேலே என்ற கம்யூனிஸ்ட் எம்.பி. ஒரு கார் விபத்தில் ஞாபகத்தைத் தொலைத்துவிடுகிறார். அந்த நிலையிலேயே அவரைப் பஸ்ஸில் ஏற்றி சிசிலிக்கு மேட்ச் ஆடக் கூட்டிப்போகிறார்கள். படம் கிட்டத்தட்ட முழுக்க அந்த ஒரே குளத்தில். ஆடுகிறார், கரையேறுகிறார், யாரோ வந்து, 'போன வாரம் டி.வி.யில் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?' என்கிறார்கள். என்ன சொன்னோம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. நாங்கள் யார், எதற்காக இந்தக் கட்சியில் இருந்தோம் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேட்டி எடுக்க வந்த பெண் தேய்ந்துபோன வார்த்தைகளாகவே பேச, ஆத்திரம் தாங்காமல் அறைந்துவிடுகிறார். (அறைந்தது தப்புதான். எரிச்சல் எனக்குப் புரிந்தது.) குளத்தோரக் கடையில் டி.வி.யில் 'டாக்டர் ஷிவாகோ' ஓடுகிறது. க்ளைமாக்ஸ் வரும்போது ஆட்டக்காரர்கள், எதிரணி, கூட்டம் எல்லாரும் மேட்சை விட்டுவிட்டு, ஷிவாகோ எப்படியாவது ட்ராமிலிருந்து இறங்கி லாராவைப் பிடித்துவிட மாட்டானா என்று கத்துகிறார்கள். நூறு தடவை பார்த்த படம், முடிவு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் கத்துகிறார்கள். இந்தக் காட்சிக்காக மட்டும் இரண்டு தடவை பார்த்தேன்.

படம் வந்து இரண்டே மாசத்தில் பெர்லின் சுவர் விழுந்தது, இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் பெயரையே மாற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்தது. மொரெட்டிக்கு ஜோசியம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், தண்ணீரில் ஒரு மனிதன் நிற்பது போலத் தெரிந்தாலும் அவன் கீழே உதைத்துக்கொண்டேதான் இருக்கிறான் என்பது. மிக்கேலேவுக்குக் கடைசியில் ஒரு பெனால்ட்டி கிடைக்கிறது. போட்டால் டிரா. வலது பக்கமா இடது பக்கமா என்று அவர் யோசிக்கிற யோசனை இருக்கிறதே, அதில் ஒரு கட்சியின் சரித்திரமே இருக்கிறது. போடுகிறார். கோல் விழவில்லை.

மிக்கேலேவும் ஜியார்மதியும் அரசியலில் எதிரெதிர் அணி. ஒருவர் சிவப்புக் கொடி, மற்றவர் அந்தக் கொடியிடம் அடி வாங்கியவர். இருந்தாலும், நேற்று எந்தப் பக்கம் ஆடினோம், ஏன் ஆடினோம் என்று இன்றைக்குக் கரையேறி நின்று பதில் சொல்ல வேண்டிய சங்கடம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். மொரெட்டி அந்தச் சங்கடத்திலேயே கேமராவை வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஹங்கேரியப் படம் சங்கடம் ஆரம்பிப்பதற்கு முன்னால் கொடியை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

'சுதந்திரம், காதல்' படத்தைப் புரட்சியின் பொன்விழா நாளில், 2006 அக்டோபர் 23-ம் தேதி, வெளியிட்டார்கள். அன்றைக்குப் புடாபெஸ்ட் தெருக்களில் நிஜமாகவே கலவரம். தேர்தலுக்காக ஜனங்களிடம் பொய் சொன்னோம் என்று சோஷலிஸ்ட் பிரதமர் கட்சிக்காரர்களிடம் பேசிய டேப் வெளியே கசிந்து, ஒரு மாசமாக ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. போலீஸ் ரப்பர் குண்டுகளால் சுட்டது. தியேட்டருக்குள்ளே 1956, வெளியே கண்ணீர்ப் புகை. ஜியார்மதிக்கு அன்று 79 வயது முடிந்தது.

ஸாடோர் 2012-ல் கலிஃபோர்னியாவில் இறந்தார். ஜியார்மதி 2013 ஆகஸ்டில் புடாபெஸ்டில், 85 வயதில். ஏவா 2020-ல், 92 வயதில்.

டி.வி.டி. கிடைத்தால் மூன்றையும் பாருங்கள். நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மொரெட்டி. சப்டைட்டில் வேகமாக ஓடும், கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.